58 மி.மீ.யா, 91 மி.மீ.யா? தினமும் வைத்துக்கொள்ள எந்தப் பேனாக்கத்தி

விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தி வாங்கப் போனால் இரண்டு அளவில்தான் மனசு ஊசலாடும்: மடக்கினால் 58 மி.மீ. வரும் கிளாசிக், 91 மி.மீ. வரும் ஸ்பார்ட்டன்.

கிளாசிக் 20 கிராமுக்குச் சற்று மேல். சாவிக்கொத்தில் மாட்டினால் இருப்பதே தெரியாது. குட்டிக் கத்தரிக்கோல் உண்டு. பால் பாக்கெட், மாத்திரை அட்டை, நூல் பிசிறுக்கு அது போதும். சென்னை மண்ணடியில் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கு இதற்கு மேல் வேண்டாம்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுக வேலைக்கு அது பத்தாது. ஈரக் கையோடு நைலான் கயிற்றை அறுத்துப் பாருங்கள். அந்தப் பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், அழுத்தினால் வழுக்கும். ஸ்பார்ட்டனில் நான்கு விரலும் பதியும். எடை சுமார் 60 கிராம். சட்டைப் பை தொங்கும், பேண்ட் பாக்கெட்டில் தெரியாது. லுங்கி மடிப்பில் மட்டும் செருகாதீர்கள், நழுவிவிடும். பெட்டி பிரிப்பதும் கயிறு அறுப்பதும் அன்றாடம் என்றால் என் ஓட்டு பெரியதற்குத்தான்.

ஒன்று முக்கியம்: இரண்டிலும் பிளேடைப் பூட்டும் வசதி கிடையாது. குத்தித் துளை போடப் போனால் மடங்கி விரலில் இறங்கும். இழுத்து அறுக்க மட்டுமே.

விமானத்தில் கைப்பையில் இரண்டுமே ஆகாது. மெட்ரோவில் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கடல் காற்று வேறு. எஃகு சீக்கிரம் துருப்பிடிக்காது, ஆனால் மூட்டில் உப்பும் மணலும் சேரும். வெதுவெதுப்பான நீரில் திறந்து மூடி அலசி, ஈரம் போகத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.