ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் அடிக்கடி மலையேறும் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் அதிகம் சூடாகிறது. கியர் நழுவத் தொடங்கினால், அதாவது என்ஜின் வேகமெடுத்தும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால், முதலில் அந்த ஆயிலைப் பார்க்க வேண்டும். அது கறுத்துக் கருகிய வாடை அடித்தால், உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

செலவு:
பழுது: சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போன்ற ஒரு பாகம் மட்டும் கெட்டிருந்தால் இதுவே மலிவு.
மாற்றம்: புதிய பெட்டியின் விலை பழைய வண்டியின் சந்தை மதிப்பையே நெருங்கக்கூடும்.

எவ்வளவு காலம் உழைக்கும்:
பழுது: மெக்கானிக்கின் கைத்திறனைப் பொறுத்தது.
மாற்றம்: புதியதற்கு உத்தரவாதம் கிடைக்கும், உடைக்கப்பட்ட பழைய வண்டியிலிருந்து எடுத்த பெட்டியில் அந்த நம்பிக்கை இல்லை.

எந்த வழியானாலும் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவியே தீர வேண்டும், ஏனெனில் அவற்றில் தங்கிய உலோகத் துகள்கள் பழுது பார்த்த பெட்டியையும் புதிய பெட்டியையும் தேய்த்துக் கெடுத்துவிடும். இதைத் தவிர்க்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கோளாறு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பழுது பாருங்கள். கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டில் உலோகத் துகள் நிறைந்திருந்து, என்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, இன்னும் பல ஆண்டுகள் மலைப்பாதையில் ஓட்டப்போகிறவர்களுக்கு மாற்றுவதே பொருந்தும்.