புங்கமதி பெண்கள் பேக்கரி: பன்னை விடுங்கள், யோமரி வாங்குங்கள்

நேபாளத்தின் லலித்பூருக்குத் தெற்கே, அந்நகரின் லகன்கேல் பஸ் நிலையத்தில் மினிபஸ் ஏறினால் போய்ச்சேரும் ஊர் புங்கமதி. காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் ஊர். மரச்சிற்பத்துக்குப் பேர்போனது, தெருவெல்லாம் உளிச் சத்தம். அங்கே ஊர்ப் பெண்களே கூடி நடத்தும் சின்ன பேக்கரி இது. கண்ணாடி அலமாரியில் பன், ரொட்டி, சினமன் ரோல் எல்லாம் இருக்கின்றன. அதை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இங்கே சாப்பிட வேண்டியது உள்கட்டில் ஆவியில் வேகும் யோமரி.

நம்ம பூரணக் கொழுக்கட்டைக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். மேலே அரிசி மாவு, உள்ளே சாக்கு. கோணிப்பை இல்லை, வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி இறுக்கிய பண்டம். நம் பொங்கல் சமயத்தில் வரும் மாக சங்கராந்திக்கு நெய்யோடு தின்பார்களே, அதேதான். கால் கிலோ சாக்கை இளக்கி, வறுத்துப் பொடித்த எள் நாலு கரண்டி சேர்த்தால் பூரணம் ஆயிற்று.

கஷ்டம் மேல்மாவில். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் தண்ணீர், அதுவும் தளதளவென்று கொதித்தது. சூடு குறைந்தால் மாவு ஒட்டாது, சொப்பு செய்யும்போதே வெடிக்கும். புது அரிசி மாவு என்றால் தண்ணீர் கொஞ்சம் குறைவாகவே இழுக்கும். பிசைந்து ஈரத்துணி போட்டு அரைமணி மூடி வைக்கிறார்கள். பிறகு கடுகெண்ணெய் தொட்ட ஆள்காட்டி விரலை உருண்டைக்குள் குத்தி, சுற்றிச் சுற்றி மீன்போல் நீளக் கூம்பாக இழுக்கிறார்கள். எண்ணெய்க்கு அலைய வேண்டாம், கடுகெண்ணெய்க்குப் பேர்போன கோகனா பக்கத்து ஊர்தான். சுவர் தடித்தால் வெந்த பிறகும் உள்ளே பச்சை மாவு வாடை நிற்கும். பூரணத்தைச் சூடாக ஊற்றினால் வால்முனை இளகி, வேகும்போது பாகு கசிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். இங்கே வெதுவெதுப்பாக ஆறவிட்டே ஊற்றுகிறார்கள், ஒழுகுவது அபூர்வம். ஊர் 1,300 மீட்டருக்கு மேலே; தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் நம் வீட்டுக் கொழுக்கட்டையைவிடச் சில நிமிடம் கூடுதலாக வேக வேண்டும். மேலே கண்ணாடி மினுமினுப்பு வந்தால் பதம்.

சுடச்சுடக் கடித்தால் பாகு நாக்கைப் பொசுக்கும். வால்முனையை முதலில் கிள்ளி ஆவியை விடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் மாவு கட்டையாகிவிடும், பார்சல் வேண்டாம். டிசம்பர் பௌர்ணமியில் வரும் அறுவடைத் திருவிழாவான யோமரி புன்ஹியை ஒட்டிப் போனால் புது அரிசியின் மணம் தெரியும். மற்ற நாட்களில் போனதும் சொல்லிவைத்துவிட்டு ஊரைச் சுற்றி வாருங்கள்.

பார்சலுக்கென்றே இருப்பது லாக்கமரி. கல்யாணத்துக்கு அழைக்கும்போது உறவினருக்குக் கொடுக்கும் நேவார் பலகாரம். பின்னல் பின்னலாக இழுத்து, மிதமான நெய்ச் சூட்டில் நிதானமாகப் பொரித்து, சர்க்கரைப் பாகில் முக்கி எடுப்பார்கள். உடைத்தால் மொறுக்கென்று சத்தம் வர வேண்டும். மென்மையாக வளைந்தால் அவசரத்தில் பொரித்தது, வாங்காதீர்கள். சரியானது வாரக்கணக்கில் தாங்கும்.

ரொட்டிதான் நாளுக்கொரு மாதிரி. குளிர்கால விடியலில் மாவு உப்பாமல் அடர்ந்துவிடுகிறது. கோடையில் கணக்கு தலைகீழ்: உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு சீக்கிரம் உப்பி ஓவனில் அமுங்கிவிடுகிறது. கிலோ மைதாவுக்குச் சமவெளியில் 10 கிராம் ஈஸ்ட் என்றால் இங்கே 7 போதும். அதைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதில் இன்னும் கை படியவில்லை. கேழ்வரகு பிஸ்கட் பரவாயில்லை. அதில் பசைத்தன்மை இல்லாததால் பாதி கோதுமை கலக்கிறார்கள், ஆனாலும் பையின் அடியில் போட்டால் தூளாகும்.

சனிக்கிழமை அங்கே வார விடுமுறை, கூட்டம் அதிகம். உள்ளே நுழையும்போது நேவார் மொழி வணக்கமான 'ஜ்வஜலபா' சொல்லிப் பாருங்கள், உட்கார இடமும் கிடைக்கும், தட்டில் கூடுதலாக ஒரு யோமரியும் விழலாம்.