கல்யாணத்துக்கு முன் மரபணுப் பரிசோதனை: பாளையங்கோட்டை ஆய்வகம் ஒன்றைப் பற்றி

என் மகளை என் அண்ணன் மகனுக்குத்தான் கொடுக்கிறோம். சொந்தத்தில் முடிப்பதால் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்ல, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

பரிசோதனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதலில் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி சோதனை எடுத்தார்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால், பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயின் மரபணு இருக்கலாம் என்று அர்த்தம். மகளுக்குத் தாண்டியிருந்தது. அப்புறம் மரபணுப் பரிசோதனை. மகளுக்கு அந்த மரபணு இருக்கிறது, மருமகனுக்கு இல்லை என்று முடிவு வந்தது.

ஆலோசகராக இருந்த பெண் தங்கமான மனுஷி. தாளில் கட்டம் போட்டு, இரண்டு பேருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு, ஒருவருக்கு மட்டும் என்றால் அந்த நோய் வராது என்று பொறுமையாக விளக்கினார். “அப்போ பொண்ணுக்குச் சீக்கா?” என்று மதினி கேட்டதற்கு, “இல்லைம்மா, அவ நல்லாத்தான் இருக்கா, பிறக்கிற பிள்ளைக்கு அந்த மரபணு மட்டும் போகலாம்” என்றார். இதற்காகவே அங்கே போகலாம்.

ஆனால் ரிப்போர்ட் கொடுத்த விதம் மோசம். இரண்டு பேருடைய முடிவையும் ஒரே பிடிஎஃப்பில் போட்டு, பாஸ்வேர்டுகூட வைக்காமல், பில்லில் இருந்த அண்ணன் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயது; அவள் ரிப்போர்ட் அவளிடம்தானே முதலில் வர வேண்டும்? சாயங்காலத்துக்குள் அது குடும்பக் குரூப்பில் கிடந்தது. ஒப்புதல் படிவத்தில் ‘ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்’ என்ற கட்டத்திலும் அவர்களே முன்கூட்டி டிக் போட்டிருந்தார்கள். அந்த டிக்கை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள்.

அண்ணன் இதையெல்லாம் ‘காட்டகா’ என்ற ஹாலிவுட் படத்தோடு சேர்த்துப் பேசினான். 1997இல் வந்த அந்தப் படத்தில் ஒருவனுக்கு என்ன வேலை என்பதை மரபணு முடிவு செய்யும். அமெரிக்க செனட்டர் ராண்ட் பால் 2013இல் மேடையில் அந்தக் கதையைச் சொல்லித்தான் மரபணுச் சோதனையைப் பற்றி எச்சரித்தார். படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். அவர் பேசுவதற்கு முன்பே, 2008இல், வேலை கொடுப்பவரும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆயுள் காப்பீடு அதில் இல்லை. அந்த ஓட்டையைப் பற்றிப் பேசினால் நாலு பேருக்குப் பிரயோஜனம். நம் 2023 தனிநபர் தரவுச் சட்டத்திலும் மரபணுத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு கிடையாது. ஒப்புதல் தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் இருக்க வேண்டும் என்கிறது. அதையாவது ஆய்வகங்கள் மதிக்க வேண்டும்.

எனக்கு, குடும்பக் குரூப்பில் கிடந்த ரிப்போர்ட் கல்யாணத் தரகர் போனுக்கும் போய்விடுமோ என்றுதான் பயம். இளையவளுக்கும் வரன் பார்க்க வேண்டும். ‘அக்காவுக்கு ரத்தத்தில் ஏதோ இருக்காமே’ என்று இப்போதே விசாரிக்கிறார்கள்.

சொந்தத்தில் முடிக்கிறவர்கள் தயங்காமல் பரிசோதனை செய்யுங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் பில் போடச் சொல்லி, அவரவர் நம்பரைக் கொடுங்கள். ரிப்போர்ட்டை நேரில், காகிதத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.