பழைய விண்டோஸ் 7 சிஸ்டத்துக்கு கலர் லேசர் பிரிண்டர்: நாலு வருசம் ஓட்டுனதுல தெரிஞ்சது

ராமேஸ்வரம் தீவுல இருக்க தங்கச்சிமடத்துல சின்னதா டிடிபி கடை (கம்ப்யூட்டர்ல பத்திரிகை, நோட்டீஸ் அடிச்சுக் குடுக்குற கடை) வச்சிருக்கேன். சிஸ்டம் விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். "மாத்திருங்கண்ணே"னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா இத்தனை வருசத்து கல்யாணப் பத்திரிகை, சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாமே பேஜ்மேக்கர் 7-ங்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல, யூனிகோடுக்கு முந்துன தமிழ் ஃபான்ட்ல கிடக்கு, அத விட்டுட்டு எங்க போறது.

முன்னாடி இங்க்ஜெட். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஊர்ல காசு பொழங்காது, கலர் வேலையும் வராது, மெசின் சும்மா கிடந்து ஹெட்டு காஞ்சு அடைச்சுக்கும். டோனர்னா பொடி, காயுற பேச்சே இல்லைன்னுதான் லேசருக்கு வந்தேன்.

மொத வாங்குனது தப்பாப் போச்சு. விலைய மட்டும் பாத்துட்டேன். அது பக்கத்த தானா வரையத் தெரியாத மெசின், எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டர்தான் போட்டுக் குடுக்கணும். 600 டிபிஐ-ல ஒரு ஏ4 பக்கம்னா மூணரைக் கோடி புள்ளி கிட்ட வருது, அதுவும் நாலு கலருக்கும், 2 ஜிபி ராம் மூச்சு வாங்கிருச்சு. லோகோவெல்லாம் ஈபிஎஸ் ஃபைல், அதாவது போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற பிரிண்டர் மொழியில எழுதுன படம், அது பல்லுப்பல்லா விழுந்துச்சு, ஏன்னா அந்த மொழி தெரியாத பிரிண்டருக்கு பேஜ்மேக்கர் ஃபைலுக்குள்ள இருக்க மங்கலான முன்னோட்டப் படத்தத்தான் அனுப்பும்.

ரெண்டாவது தடவை மூணே விசயம்தான் கேட்டேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 இருக்கா, பிசிஎல் 6 (இதுவும் ஒரு பிரிண்டர் மொழிதான்) இருக்கா, லேன் போர்ட் இருக்கா. மூணும் இருந்த பழைய ஆபீஸ் மெசின் ஒன்னு மதுரையில செகண்ட் ஹேண்டா கிடைச்சுச்சு (மாடல் இப்ப புதுசா வர்றதில்ல, அதனால பேரு எழுதல). லேன்ல மாட்டி, டிசிபி/ஐபி போர்ட் போட்டு, பிபிடி ஃபைல (பிரிண்டரோட வசதியெல்லாம் சொல்ற ஃபைல்) பேஜ்மேக்கர் ஃபோல்டர்ல காப்பி பண்ணுனேன், அவ்வளவுதான், லோகோ கத்தி மாதிரி விழுந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

நம்ம பக்கம் பெரிய எதிரி ஈரக்காத்துதான். ஐப்பசி கார்த்திகையில திறந்து வச்ச கட்டு ஒரே ராத்திரியில நமத்துப் போயி, பேப்பர் சுருண்டு ஜாம் ஆகும், டோனரும் சரியா ஒட்டாது. கட்டப் பிரிச்சா மிச்சத்த பிளாஸ்டிக் டப்பாவுல மூடி வைங்க, ட்ரேயில அன்னன்னைக்கு வேணுங்கிறத மட்டும் போடுங்க. யூபிஎஸ்ல மாட்டவே மாட்டாதீங்க, டோனர உருக்கி பேப்பர்ல ஒட்டுற ஃபியூசர் சூடாகுறப்ப இழுக்குற கரண்ட்டுக்கு சின்ன யூபிஎஸ் தாங்காது.

செலவுன்னு பாத்தா நாலு டோனரும் சேந்து வாங்குறப்ப கை கடிக்கத்தான் செய்யுது. மனு, ஆதார் ஜெராக்ஸ் மாதிரி கருப்பு வேலைக்கு டிரைவர்ல கிரேஸ்கேல் வச்சுருங்க, இல்லாட்டி பல மெசின்ல கருப்புக்கே கலரையும் சேத்து இழுத்துரும். இத நான் ஒரு வருசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், மஞ்சள் டோனர் ஏன் இப்படி வேகமாத் தீருதுன்னு தேடிப் பாத்தப்ப.