கிழமை சொல்லும் டப்பா, சாப்பாட்டு நேரம் சொல்லாது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மருந்துக்கடையில் மாத்திரை டப்பா கேட்டால் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று, கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை கொண்ட நீளப் பட்டை. இன்னொன்று, காலை, மதியம், இரவு என்று பிரித்த 21 அறைப் பெட்டி. சுகருக்கும் பிரஷருக்கும் சேர்த்து மாத்திரை போடுபவருக்கு முதல் வகை வீண். எல்லாம் ஒரே குழியில் கிடந்தால் எது காலைக்கு, எது இரவுக்கு என்று எப்படித் தெரியும்? 21 அறைப் பெட்டியை வாங்கலாம். "போட்டேனா, போடலையா" என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறை விழுங்குவதை அது தடுக்கும். ஆனால் வாங்கியபடியே பயன்படுத்த முடியாது.

மூடியில் பெரும்பாலும் கிழமையின் ஆங்கில முதலெழுத்து மட்டும்தான் இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. மார்க்கரில் தமிழில் எழுதி மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள். கொக்கியைக் கடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் விரல் மூட்டு வலி உள்ளவரால் திறக்க முடியாது. தளர்ந்திருந்தால் சுகருக்கான கிளிமெபிரைடு மாதிரி சின்ன மாத்திரை பக்கத்து அறைக்கு உருண்டுவிடும்.

பெரிய குறை, காலைக்கு ஒரே அறை இருப்பதுதான். பான்டபிரசோல் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்பை அடைக்கும் மருந்து. சாப்பாடு இறங்கும்போதுதான் அந்தப் பம்ப் முழுவீச்சில் இயங்கும் என்பதால், அரை மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். கிளிமெபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். சாப்பிட உட்காரும்போது போட வேண்டும். மெட்பார்மின் ஈரல் சர்க்கரையை உற்பத்தி செய்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் பேதியும் வரலாம் என்பதால் சாப்பாட்டோடு போடுவது. டப்பாவோ மூன்றையும் ஒரே கையில் கொட்டிக் கொடுக்கிறது.

இதில் உயிரோடு விளையாடுவது கிளிமெபிரைடு. விடிகாலையில் பூப்பறிக்கவோ தக்காளி லோடு ஏற்றவோ போகிறவர் ஆறு மணிக்குக் காபியோடு காலை அறையைக் காலி செய்துவிட்டு, பத்து மணிக்குத்தான் களி சாப்பிடுவார். நடுவில் நாலு மணி நேரம் இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். கூடவே பிரஷருக்கான அட்டெனலாலும் போடுபவர் என்றால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மிஞ்சும், அதையும் வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைவு இருந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து, பிறகு சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை மறுபடி இறங்கும்.

இதற்கு வழி, வரிசைகளின் பெயரையே மாற்றுவது. மதியம் மாத்திரை இல்லாதவர்கள் மூன்று வரிசைக்கும் "வெறும் வயிறு", "காலைச் சாப்பாடு", "இரவுச் சாப்பாடு" என்று எழுதிக்கொள்ளலாம்.

எல்லா மாத்திரையும் டப்பாவில் குடியிருக்காது. பிரஷருக்குப் பரவலாக எழுதப்படும் டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். போடுகிற நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதையும். திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். தைராய்டுக்கான தைராக்சின் அதன் பாட்டிலிலேயே இருக்கட்டும். டெல்மிசார்டன் அட்டையைக் கத்தரித்து அப்படியே அறையில் வைப்பவர்கள் உண்டு. பார்வை மங்கிய பெரியவர் அட்டைத் துண்டோடு விழுங்கினால் கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கும், அந்த வீட்டில் அது வேண்டாம். டப்பாவில் வைக்கக்கூடிய, பிரஷருக்கான அம்லோடிபின் மாதிரி மாத்திரைகளையும் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அறையில் நுழையவில்லை என்று பெரிய மெட்பார்மினை உடைப்பது இன்னொரு தப்பு. அட்டையில் எஸ்ஆர் என்று இருந்தால், மருந்து மணிக்கணக்கில் மெதுவாகக் கசியும்படி செய்தது. உடைத்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். பெரிய குழி உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்குவதே சரி.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதோடு தனியார் டாக்டர் சீட்டும் இருக்கிற வீட்டில், டப்பா நிரப்பும்போதுதான் இரட்டிப்பு நடக்கும். தனியார் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இருந்தால் உள்ளே அம்லோடிபின் இருக்கலாம். சுகர் மாத்திரையில் எம் என்றால் மெட்பார்மின் இருக்கலாம். பிரஷர் மாத்திரையில் எச் என்றால் சிறுநீர் பிரிக்கும் மருந்து, அதை இரவு வரிசையில் போட்டால் தூக்கம் போச்சு. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்து ஒப்பிடுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் டாக்டரைக் கேட்கும்வரை நிரப்பாதீர்கள்.

டப்பா தன் காசுக்கு உழைக்கும் இடம் வார மாத்திரை. முடக்குவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள்தான். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது நின்று, உயிரே போகலாம். ஓர் அறையில் மட்டும் வைத்து, அந்த மூடிக்குச் சிவப்பு ஒட்டு போடுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு இங்கே இடமில்லை, அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தனியாக இருக்கட்டும். டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைக்கும் அறை ஒதுக்காதீர்கள். டெல்மிசார்டனும் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் போடுபவருக்கு அது சேர்ந்தால் சிறுநீரகம் திணறும்.

தகரக் கூரை வீட்டில் பரண் மேலும், ஜன்னலோரமும் டப்பாவை வைக்க வேண்டாம். கழுவினால் ஓர் இரவு முழுக்கத் திறந்து காயட்டும். குழியின் மூலையில் ஒரு சொட்டு நின்றாலும் மறுநாள் மாத்திரை அடியில் ஒட்டிக்கொள்ளும்.