சேணம் ஏறும் முன்: எல்க் வேட்டைக்கு எந்த வழி?

அமெரிக்காவின் ராக்கி மலைக்குள் குதிரையேறிப் போய் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடக் கிளம்புகிறவர்கள் முதலில் வாதிடுவது துப்பாக்கியைப் பற்றித்தான். முப்பது-நாட்-சிக்ஸ் தோட்டாவா, முந்நூறு வின்செஸ்டர் மேக்னமா? இரண்டும் எல்க்கை வீழ்த்தும், விடுங்கள். பணத்தையும் உடம்பையும் பதம் பார்க்கப்போகும் முடிவுகள் வேறு.

முதல் முடிவு, யாரை நம்பிப் போவது. முழு வழிகாட்டி வேட்டை என்றால், மாநில உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர், அதாவது வேட்டைப் பயணங்களை நடத்துபவர், குதிரை, கூடாரம், சமையல்காரர், வழிகாட்டி எல்லாம் தருவார். டிராப் கேம்ப் என்றால், அதே மனிதர் உங்களைக் காட்டுக்குள் கூடாரத்தில் இறக்கிவிட்டுக் குதிரைகளோடு திரும்பிவிடுவார். சமையலும் தேடலும் உங்கள் பாடு. முன்னதன் கட்டணம் பின்னதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வரும். வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு தனி.

இந்த வித்தியாசத்தைப் பலரும் ‘எல்க் கண்ணில் படுமா’ என்ற கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சுட்ட பிறகு நடப்பது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கினாலும் 80 முதல் 100 கிலோ இறைச்சி தேறும். அந்தக் கனத்த தோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். செப்டம்பர் வெயிலில் உடனே உரித்துத் துண்டுபோட்டு நிழலில் தொங்கவிடாவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். வழிகாட்டி கூட இருந்தால் கத்தி பிடிக்கத் தெரிந்த கை ஒன்று உண்டு, மறுநாள் பொதி சுமக்க விலங்குகளும் வரும். டிராப் கேம்ப்பில் செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது கூடாரம் வரை முதுகில் சுமக்க வேண்டும். மொன்டானாவிலும் வயோமிங்கிலும் குடல் வாசனைக்குக் கிரிஸ்லி கரடி வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெரிய விலங்கு ஒன்றை மலைச்சரிவில் வைத்து அறுத்துப் பழகாதவருக்கு டிராப் கேம்ப்பை நான் சொல்லவே மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

சில இடங்களில் இந்த முடிவைச் சட்டமே எடுத்துவிடுகிறது. வயோமிங்கில் ‘வில்டர்னஸ்’ என்று கூட்டாட்சி அரசு அறிவித்த காடுகளுக்குள் வெளிமாநிலத்தார் பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கென இலவச அனுமதி வாங்கிய வயோமிங்வாசி ஒருவர் துணைக்கு வர வேண்டும். மொன்டானாவில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த பாப் மார்ஷல் காட்டின் உட்பகுதிகளில் துப்பாக்கி வேட்டை செப்டம்பர் 15-லேயே தொடங்குகிறது. இணைசேரும் பருவம் அது; ஆண் எல்க் கூவிக்கொண்டே திரியும். மாநிலத்தின் மற்ற பெரும்பாலான இடங்களில் அக்டோபர் பிற்பாதி வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் வெளிமாநிலத்தாருக்கு உரிமம் குலுக்கலில்தான். அவுட்ஃபிட்டரின் வாடிக்கையாளருக்கு உறுதியாகக் கிடைத்துவந்த தனி ஒதுக்கீட்டை 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நீக்கிவிட்டார்கள். பெயர் விழாவிட்டால் முன்பணம் திரும்புமா என்று முதலிலேயே கேளுங்கள். கொலராடோவில் எல்க் அதிகம், ஆள் கூட்டமும் அதிகம். முகாம் 3,000 மீட்டர் உயரத்தில் அமைவது சாதாரணம். தலைவலியோடு வேட்டையைத் தொடங்க விரும்பாதவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு.

பொதி சுமக்க எது என்பதை அவுட்ஃபிட்டரே தீர்மானித்திருப்பார். கோவேறு கழுதை வைத்திருப்பவர் என்றால் எனக்கு ஒரு தனி மரியாதை. சுமார் 70 கிலோவைத் தூக்கிக்கொண்டு, குதிரை தயங்கும் பாறைத்தடத்தில் அது காலை அளந்து வைக்கும். தனியாகப் போகிறவர்கள் வாடகைக்கு எடுக்கும் லாமா என்ற ஒட்டக இன விலங்கு அதில் பாதிகூடச் சுமக்காது. ஆனால் லாடம் வேண்டாம், தீவனமும் குறைவு, பழக்கமில்லாதவரும் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகலாம். லாமாவைப் பார்த்தறியாத குதிரைகள் எதிரே வந்தால் மிரளும் என்பதுதான் தொல்லை.

இனி உடம்பைத் தயார்செய்வது. பாரம் தூக்கி மாடிப்படி ஏறுவதா, குதிரையேறிப் பழகுவதா? நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், மாரத்தான் ஓடுகிறவரையும் நான் குதிரை லாயத்துக்குத்தான் அனுப்புவேன். உள்காட்டு முகாமுக்கு 30, 40 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம். நடை போடும் குதிரை மணிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான் போகும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சேணத்தில் இருந்தால் முழங்காலும் உள்தொடையும் படும் பாட்டுக்கு ஓட்டப் பயிற்சி உதவாது. அதிலும் வட்டக் களத்தில் ஒரு மணி நேரச் சவாரி போதாது. ஏற்றமும் இறக்கமும் உள்ள தடத்தில் அரைநாள் சவாரியாகச் சிலமுறை போக வேண்டும். சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்யவும், செங்குத்தான இறக்கத்தில் இறங்கிக் குதிரையை நடத்திப் போகவும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். பல அவுட்ஃபிட்டர்கள் சவாரி செய்பவரின் எடைக்கு வரம்பு வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் உண்மை எடையைச் சொல்லிவிடுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கம். கெட்டிப் பெட்டி பொதியில் உட்காராது, துணிப்பைதான் சரி. இருபுறமும் எடை சமமாக வர வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் எதையும் கூட்டாதீர்கள். மழைக்கோட்டைக் குதிரைமேல் இருந்தபடி உதறிப் போட்டால் அது மிரளக்கூடும், இறங்கிப் போடுங்கள். காலணியில்தான் உண்மையான இழுபறி. மலையேற்றக் காலணியின் தடித்த பல் அடிப்பாகம், விழும்போது அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். வழவழப்பான சவாரிக் காலணியோ ஈரச்சரிவில் வழுக்கும். நாள் முழுக்க நடந்துதான் தேடப்போகிறீர்கள் என்றால் மலைக் காலணியையே எடுத்துக்கொண்டு, அகலமான அங்கவடி இருக்கிறதா என்று அவுட்ஃபிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.