ஸ்காண்டிநேவிய ஹால்: ஏஐ படம், கடைச் செயலி, அளவு வரைபடம் – எதை எதற்கு நம்பலாம்?

ஹாலை ஸ்காண்டிநேவிய பாணியில், அதாவது ஸ்வீடன், டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் வெளிர் நிற, எளிய பாணியில் மாற்ற நினைப்பவர்கள் காசு செலவழிப்பதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஹாலைப் போட்டோ எடுத்து சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான ஏஐயிடம் கொடுத்து மாற்றச் சொல்லலாம். ஐகியா போன்ற கடைகளின் செயலியில் அவர்களுடைய சோபாவை நம் அறைக்குள் வைத்துப் பார்க்கலாம். அல்லது டேப் எடுத்து அளந்து, ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளில் நாமே அறையை வரையலாம். சென்னையில் 11க்கு 16 அடி அபார்ட்மென்ட் ஹால் ஒன்றை மனதில் வைத்து மூன்றையும் அலசுகிறேன். நிறத்துக்கு ஏஐ, அளவுக்கு வரைபடம் என்பது என் முடிவு. கடைச் செயலி அந்தக் கடையில் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

முதலில் ஏஐ. வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. தேக்கு நிறச் சோபாவும் மெரூன் திரையும் இருக்கும் ஹால், ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளிர் மரமும் சாம்பல் துணியுமாக வந்து நிற்கும். வீட்டில் நாலு பேரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடிவதே பெரிய விஷயம். ‘வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்காதா?’ என்று அம்மா கேட்டால், அடுத்த படத்திலேயே பதில் காட்டலாம்.

ஆனால் அது உங்கள் அறையை அளந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. போட்டோவைப் பார்த்துப் புதிதாக ஒரு படம் வரைகிறது. அப்படி வந்த ஒரு படத்தில் மின்விசிறியைக் காணோம், அந்த இடத்தில் ஒரு தொங்கு விளக்கு. ஜன்னல் கிரில் போய்விட்டது. சுவிட்ச் போர்டு இருந்த இடம் வெறும் சுவர். பால்கனிக் கதவில் பாதியை மறைத்துக்கொண்டு சோபா. முதல் பார்வையில் இது எதுவுமே கண்ணில் படாது, படம் அவ்வளவு அழகு. எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதை விவரமாக எழுதினால் இந்தத் தொல்லை நிறையக் குறையும். ‘சுவர், கதவு, ஜன்னல் கிரில், மின்விசிறி, சுவிட்ச் போர்டு, தரை டைல்ஸ், பூஜை அலமாரி அப்படியே இருக்கட்டும். சோபாவையும் திரையையும் மட்டும் மாற்று’ என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் போதும். பாணியின் பெயரை ஒரு பட்டனில் வைத்திருக்கும் செயலிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், இப்படி விவரமாகச் சொல்ல அவற்றில் பெரும்பாலும் இடமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் இருப்பது வடக்கு அட்சரேகை 59 டிகிரியில். டிசம்பரில் பகல் சுமார் 6 மணி நேரம்தான், சூரியனும் தாழ்வாகவே போகும். கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பத்தான் அங்கே வெள்ளைச் சுவரும், பிர்ச், பைன், ஆஷ் போன்ற வெளிர் மரங்களும். சென்னை 13 டிகிரி. இங்கே மதியம் பால்கனிக் கதவைத் திறந்தால் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸில் வெயில் பட்டுக் கண் கூசும். அதில் சுவரும் பளீர் வெள்ளை என்றால் இன்னும் கூசும். ஏஐ கொடுக்கும் படத்திலோ ஜன்னல் வழியே மெல்லிய வடக்கத்திய வெளிச்சம் வந்து விழுந்திருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பி பெயின்ட் வாங்கக்கூடாது. சுவரில் இரண்டடி அளவுக்கு ஒரு பெயின்ட் பட்டை அடித்து, காலை, மதியம், இரவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பளபளப்பில்லாத, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை நம் ஊருக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இரவுக்கும் ஒரு படம் கேளுங்கள். நம் வீடுகளில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள்) வெள்ளை டியூப்லைட் சகஜம். ஸ்காண்டிநேவிய வீடுகளில் 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி, அதுவும் இரண்டு மூன்று இடங்களில் தாழ்வாக. டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் 1920களிலேயே பல்பு கண்ணில் படாதபடி அடுக்கடுக்கான மறைப்பு வைத்து விளக்கு செய்தவர். சோபாவை மாற்றாமல் விளக்கை மட்டும் மாற்றினாலே ஹால் வேறு ஹாலாகிவிடும், செலவும் குறைவு.

கடைச் செயலி பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐகியா 2017இல் பிளேஸ், 2022இல் கிரியேட்டிவ் என்று இந்த வசதியைக் கொண்டுவந்தது. பொருளின் உண்மையான அளவு அதிலேயே இருப்பதால் சோபா அடங்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும். லைடார் (லேசரால் தூரத்தை அளக்கும் சென்சார்) உள்ள ஐபோன் புரோ இருந்தால் இன்னும் துல்லியம். ஆனால் நம் கார்பென்டர் செய்யப்போகும் டிவி யூனிட் அதில் கிடையாது.

ஸ்வீட் ஹோம் 3டியில் படம் அழகாக வராது, ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும். இருந்தாலும் அதில் வருவது கணக்கு. 11 அடி அகலத்தில் சோபா 3 அடி, டிவி யூனிட் ஒன்றரை அடி, டீப்பாய் 2 அடி. மிச்சம் நாலரை அடி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை விட்டால், நடக்க 3 அடி. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு கை வைத்த நாற்காலி என்றால் எங்கே என்று யோசிக்க வேண்டும். ஏஐ படத்திலோ இன்னும் இரண்டு நாற்காலிக்கு இடமிருப்பது போலத் தெரியும். போனில் 0.5 என்ற அகலக் கோண லென்ஸில் எடுத்த போட்டோவைக் கொடுத்தால் ஹால் இன்னும் அகலமாகிவிடும், 1எக்ஸில் எடுங்கள். இன்னொரு வசதியும் இந்த மென்பொருளில் உண்டு. ஊரையும் வடக்குத் திசையையும் குறித்து, தேதியும் மணியும் கொடுத்தால் வெயில் எங்கே விழும் என்று காட்டும். பகல் வெளிச்ச விஷயத்திலும் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை.

அப்புறம் பொருட்கள். ஏஐ படங்களில் ஆட்டுத்தோலும் கம்பளி விரிப்பும் தவறாமல் வரும். சென்னைப் புழுக்கத்துக்கு அவை வேண்டாம். ‘கோடு போட்ட பருத்தி விரிப்பு’ என்று மாற்றிக் கேளுங்கள். ஸ்வீடன் கிராம வீடுகளிலும் பழைய துணியைக் கிழித்து நெய்த கோடு போட்ட விரிப்பு உண்டு, நம் பவானி ஜமுக்காளம் அந்த இடத்தில் தாராளமாகப் பொருந்தும். வெளிர் ஓக் மரத்துக்குப் பதில் பிளைவுட் மேல் ஆஷ் வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தாள்), அல்லது ரப்பர் மரம்.

கார்பென்டரிடம் போகும்போது கையில் கொடுக்க வேண்டியது அளவு போட்ட வரைபடம். ஏஐ படத்தை நிறத்துக்காக மட்டும் போனில் காட்டுங்கள், அதையும் வெனீர் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபிறகு ஆர்டர் கொடுங்கள்.